உங்களுக்குத் தெரியுமா? கேரவன் இழுக்கும் வண்டிக்கு எந்த டயர்?

ஜூன் பிறந்து ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் குளிர் ஏறினால், வடக்கே வெயிலைத் தேடி ஓர் ஊர்வலம் கிளம்பும். முன்னால் லேண்ட்குரூசர், பிராடோ, பேட்ரோல், ஹைலக்ஸ், ரேஞ்சர் என்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் கேரவன். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள்தான் இதில் அதிகம். கண்டத்தைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை மட்டுமே சுமார் 14,500 கிலோமீட்டர். இவர்கள் இரவு தங்கும் இடங்களில் சலிக்காமல் பேசப்படும் விஷயம் டயர் அளவு. "எவ்வளவு பெரிசா போடலாம்?" என்றுதான் பலரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். "ஒவ்வொரு டயரும் எவ்வளவு எடை தாங்கணும்?" என்று தொடங்கினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த இதழின் துணுக்குகள் அந்தக் கணக்கைப் பற்றியவை.

●
பிராடோ 150 வரிசையில் பல வண்டிகள் 265/65R17 112S என்று எழுதிய டயரோடு ஷோரூமை விட்டு வந்தன. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. R என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

முழு உயரம் வேண்டுமா? 265-இல் 65 விழுக்காடு 172.25 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவர்கள் சேர்ந்து 344.5. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. கூட்டினால் 776 மி.மீ. இந்தக் கணக்கைக் கைப்பேசியில் போட ஒரு நிமிடம் ஆகாது. போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

●
அகலம் மில்லிமீட்டரிலும் ரிம் அங்குலத்திலும் ஏன் இருக்கிறது என்று எரிச்சல் வரலாம். 1975-இல் மிஷெலின் நிறுவனம் டிஆர்எக்ஸ் என்ற டயரை 365, 390 என்று மில்லிமீட்டர் ரிம்களோடு கொண்டுவந்தது. அந்த ரிம்மில் வேறு டயர் ஏறாது, அந்த டயர் வேறு ரிம்மில் ஏறாது. சந்தை அதை ஏற்கவில்லை, அங்குலமே நிலைத்தது.

●
டயரில் எழுதியிருப்பதில் இழுவை வண்டிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் எண். அதுதான் சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. 116 என்றால் 1,250. 121 என்றால் 1,450. எண் 21 விழுக்காடு கூடும்போது சுமை 81 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆகவே மனக்கணக்கில் ஊகிக்காமல் அட்டவணையைப் பார்ப்பதே சரி. அதையடுத்த எழுத்து வேகம்: Q 160, S 180, T 190, H 210 கிலோமீட்டர்.

வண்டிக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் பார்க்கலாம். சுமைக் குறியீட்டில் அதற்குக் கீழே இறங்கினால் சட்டப்படியும் தவறு, காப்பீட்டிலும் சிக்கல்.

●
கேரவனை மாட்டும் உருண்டையான டோ பாலை அந்தக் கேரவன் 350 கிலோவுக்கு அழுத்தினால், வண்டியின் பின் அச்சில் 350 கிலோதான் கூடும் என்று நினைக்கிறீர்களா? 500 கிலோ கூடும்.

ஏற்றப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம்தான் நடுத்தாங்கி. டோ பால் அதற்குப் பின்னால் தொங்குகிறது. அங்கே அழுத்தினால் முன்பக்கம் மேலே எழும்பும். முன் அச்சு இழந்த எடையும் பின் அச்சின் தலையில்தான் விழும். லேண்ட்குரூசர் 200-இல் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.85 மீட்டர். டோ பால் பின் அச்சிலிருந்து 1.25 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், முன் அச்சு சுமார் 153 கிலோ இழக்கும். பின் அச்சில் 350-உம் 153-உம் சேர்ந்து 503 கிலோ ஏறும். ஆக, ஒரு பின் டயருக்கு ஏறக்குறைய 250 கிலோ கூடுதல்.

350 கிலோ ஒன்றும் மிகையான எடை இல்லை. ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுக்கலாம் என்று விற்கப்படும் வண்டிகளில் அதில் பத்தில் ஒரு பங்கு டோ பாலில் உட்காருவது வழக்கமான ஏற்பாடு. அதோடு பின் இருக்கையில் ஆள், டிக்கியில் குளிர்பெட்டி, கூரையில் கூடாரம், இரண்டாவது டீசல் தொட்டி எல்லாம் சேரும். எல்லாமே பின் அச்சைத் தேடித்தான் வருகின்றன. எடையை முன்னுக்குத் தள்ளும் சமன்செய் கொக்கி கொஞ்சம் உதவும். ஆனாலும் இழுவை வண்டியில் முதலில் சாவது பின் டயர்தான். டயர் அளவை முடிவு செய்ய உட்காரும்போது பின் அச்சின் எடையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

●
அந்த எடையைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி எடைமேடை. கேரவனை மாட்டி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பயணத்தன்று இருப்பது போலவே எல்லாரும் ஏறி உட்கார்ந்து, முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் அச்சை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. பின் அச்சுச் சீட்டை இரண்டால் வகுத்தால் ஒரு டயரின் பங்கு. இருபுறமும் எடை சமமாக இருப்பது அரிது. சமையல் சாமான் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். அதனால் மேலே குறைந்தது 15 விழுக்காடாவது மிச்சம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

●
எடையைத் தாங்குவது ரப்பரோ கம்பியோ இல்லை. உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பை.

இதற்கு அழகான சான்று 16 அங்குல ரிம்மில் இருக்கிறது. LT265/75R16 டயரின் உயரம் 804 மி.மீ. LT235/85R16 டயரின் உயரம் 806. பக்கத்தில் நிறுத்தினால் உயரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் 80 பி.எஸ்.ஐ. காற்றுப் பிடித்தால் அகலமானது 1,550 கிலோ தாங்கும், ஒல்லியானது 1,400 கிலோ. காற்றுக்கு இடம் கூடக் கூடத் தாங்கும் எடையும் கூடும். அதற்காக ஒல்லி டயரை ஒதுக்கிவிட வேண்டாம். சேற்றையும் மணலையும் தள்ளிக்கொண்டு போக அதற்குக் குறைந்த சக்தி போதும், கூரான கல்லில் மாட்ட வெளியே துருத்தும் சுவரும் குறைவு.

●
இந்தத் துணுக்கைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இழுவைக்காக டயர் மாற்றுகிறவர்களில் பலர் சறுக்கும் இடம் இது.

265/70R17 என்ற ஒரே அளவில் இரண்டு ஜாதி டயர் கிடைக்கிறது. ஒன்று சாதாரணப் பயணிகள் வகை. இன்னொன்று, முன்னால் LT என்று எழுதிய லேசு லாரி வகை. பயணிகள் வகையில் 115 குறியீடு உள்ளது 1,215 கிலோ தாங்கும். அதற்குச் சுமார் 36 பி.எஸ்.ஐ. போதும். LT வகையில் E என்ற தரத்துக்கு 121 குறியீடு, 1,450 கிலோ. ஆகா, இதுதான் வேண்டும் என்று வாங்கிவிடுகிறோம். அந்த 1,450 கிலோ 80 பி.எஸ்.ஐ.யில் கிடைப்பது. அதே LT டயரை 50 பி.எஸ்.ஐ.யில் ஓட்டினால் தாங்குவது 1,120 கிலோ மட்டுமே. பயணிகள் வகை 36-இல் தாங்குவதைவிடக் குறைவு!

புதிய LT டயரைப் போட்டுவிட்டு, கதவுத் தகட்டில் பழைய டயருக்காக எழுதியிருக்கும் 33-ஐயே பிடித்துக்கொண்டு கேரவனை மாட்டினால் என்ன ஆகும்? காசு கொடுத்து வாங்கிய வலிமை வெறும் எழுத்தில்தான் இருக்கும். சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். LT போட்டால், உங்கள் பின் அச்சு எடைக்கு எவ்வளவு காற்று என்று அந்த டயர் நிறுவனத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "நாற்பது பிடிச்சா போதும்" என்று சொன்னால், எந்த எடைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

●
அமெரிக்க விதிப்படி, பயணிகள் வகை டயரை இந்த மாதிரிப் பெரிய வண்டிகளிலோ டிரக்குகளிலோ டிரெய்லரிலோ மாட்டினால், அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 1,150 கிலோ டயர் அங்கே 1,045 கிலோ டயர் ஆகிவிடும். உயரமான வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயரில் விழும் அடியை நினைத்தால் நியாயமான விதி.

●
"பத்து பிளை டயர்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அறுத்துப் பார்த்தால் சுவரில் இருப்பது இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. பருத்தி நூலால் டயர் நெய்த காலத்தில் இந்த வலிமைக்குப் பத்து அடுக்கு தேவைப்பட்டது. நூல் மாறியும் எண் ஒட்டிக்கொண்டது. C தரம் ஆறு பிளை, D எட்டு, E பத்து.

●
ஆஸ்திரேலியாவில் எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பதற்கு விஎஸ்பி 14 என்ற தேசிய நெறிமுறை இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் குறித்த டயரின் உயரத்தைவிட 50 மி.மீ. வரை கூடலாம், 26 மி.மீ. வரை குறையலாம். சாதாரணக் காருக்கு 15 மி.மீ. மட்டுமே கூடலாம்.

பிராடோவின் 776-ஐ எடுத்துக்கொண்டால் எல்லை 826. 265/70R17 டயர் 803 மி.மீ.; தாராளமாக உள்ளே. பலரும் ஆசைப்படும் 285/70R17 டயர் 831. ஐந்து மில்லிமீட்டர் வெளியே. ஐந்துதானே என்று கடையில் சொல்வார்கள். விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் அப்படிச் சொல்லமாட்டார்.

●
50 மி.மீ. உயரம் கூட்டினால் வண்டி 25 மி.மீ.தான் உயரும். பாதி மேலே போய்விடுகிறது.

●
பெரிய டயர் இஞ்சினுக்கு என்ன செய்கிறது? ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகிறது. எல்லா கியரும் ஒரு படி நீண்டுவிட்டது போல ஆகிவிடும். தனியாக ஓட்டும்போது இது பெரிதாக உறைக்காது. நெடுஞ்சாலையில் இஞ்சின் அமைதியாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். பின்னால் மூன்று டன் மாட்டியதும் உண்மை வெளிப்படும்.

776-இலிருந்து 803-க்குப் போனால் 3.4 விழுக்காடு. 831-க்குப் போனால் 7 விழுக்காடு. வண்டியும் கேரவனுமாக 5,500 கிலோ எடையோடு மேடு ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். 7 விழுக்காடு உயர்ந்த டயரில், கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் அது பழைய டயரில் 5,900 கிலோ இழுப்பதற்குச் சமம். ஆட்டோமேட்டிக் பெட்டி ஐந்தாவதா நான்காவதா என்று தடுமாறி மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தடுமாற்றம்தான் பெட்டியின் எண்ணெயைச் சூடாக்குகிறது. எண்ணெய் கருகியபின் டயரைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றாது.

பிரேக்கிலும் இதே கணக்குதான். மிதி அதே, டிஸ்க் அதே. தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை மட்டும் 6 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. கூடவே ஒவ்வொரு LT டயரும் பழையதைவிட ஏறத்தாழ ஐந்து கிலோ கூடுதல் எடை. சுழலும் எடையை நிறுத்துவது, சும்மா கிடக்கும் எடையை நிறுத்துவதைவிடக் கடினம். அதனால்தான் இழுவையே முக்கிய வேலை என்றால் உயரத்தை ஒரு படிக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பாறை ஏறும் பொழுதுபோக்குக்காரரின் டயர் தேர்வு உங்களுக்கு வழிகாட்டி ஆகாது. அவர் பின்னால் எதுவும் மாட்டுவதில்லை.

●
ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டலாம். ஐ.நா. விதி 39 சொல்வது இது, ஆஸ்திரேலியாவும் 2006-க்குப் பிறகு இதற்கு மாறியது. எவ்வளவு கூட்டலாம்? உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு நான்கு கிலோமீட்டரும். நிஜமாக 80-இல் போனால் 92 வரை காட்டலாம். புதுவண்டிகள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால், 3.4 விழுக்காடு உயரம் அந்த இடைவெளியில் அடங்கிவிடக்கூடும். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓடோமீட்டரும் பின்தங்கும். அது 10,000 காட்டும்போது வண்டி 10,340 ஓடியிருக்கும். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் அடிவாங்கிவிட்டது" என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை.

●
கேரவன் ஆடத் தொடங்குவது பின்னால் என்று தோன்றும். அதைத் தாங்கிப் பிடிப்பதோ தவறவிடுவதோ வண்டியின் பின் டயர்களின் பக்கச்சுவர். சுவர் உயரமாகவும் மெத்தென்றும் இருந்தால், லாரி கடந்து போகும்போது எழும் காற்றில் கேரவன் தள்ளும் தள்ளலுக்கு வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் நெளியும். பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயரில் பட்டன்களே வளைந்து இன்னும் மோசமாக்கும். தார்ச்சாலையில் இழுப்பவருக்கு எல்லா நிலத்துக்குமான ஏடி வகை போதும். பின் டயரில் முன்னதைவிடக் காற்றை ஏற்றி வைப்பதும் இந்த நெளிவைக் குறைக்கத்தான்.

நல்லார்பார் சமவெளியில் பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத ஒரே நேர்கோட்டுச் சாலை இருக்கிறது. எதிரே வரும் நீண்ட ரோடு டிரெயின் லாரிகள் கிளப்பும் காற்றில் உங்கள் பின் டயரின் குணம் தெரிந்துவிடும்.

●
2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை, அளவு P235/75R15. ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டன. 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயரில் குறை இருந்ததை அரசு விசாரணை கண்டது. கூடவே இன்னொரு செய்தியும் வெளிவந்தது: ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ., ஃபயர்ஸ்டோன் வேண்டியது 30. வெயில், வேகம், சுமை, குறைந்த காற்று நான்கும் சேர்ந்தபோது குறையுள்ள டயருக்குத் தப்ப வழியில்லாமல் போயிற்று. இன்றைக்குக் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு, அந்தச் சாவுகளுக்குப் பின் வந்த சட்டத்தின் விளைவு.

●
டயருக்குள் எவ்வளவு சூடு என்று வெறும் காற்றுமானியை வைத்தே கண்டுபிடிக்கலாம். காலையில் 25 டிகிரியில் 40 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்புகிறீர்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் 46 காட்டினால் உள்ளே காற்று சுமார் 58 டிகிரி. 50 காட்டினால் 79 டிகிரி.

ஆஸ்திரேலிய ஓட்டுநர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் விதி: சாதாரண டயரில் 4, LT டயரில் 6 பி.எஸ்.ஐ. ஏறினால் சரி. அதைவிட ஏறினால் காலையில் வைத்த காற்று போதவில்லை, அல்லது சுமையோ வேகமோ அதிகம். இதில் மனம் ஏற்க மறுக்கும் பகுதி ஒன்று உண்டு. அழுத்தம் அதிகம் ஏறினால் காற்றை இறக்கக்கூடாது. மறுநாள் காலையில் கூட்டிப் பிடிக்க வேண்டும். சூடான டயரில் காற்றை இறக்கினால் சுவர் இன்னும் மடங்கும், சூடு இன்னும் ஏறும்.

●
மணலில் மட்டும் கணக்கு தலைகீழ். 975 கிலோ சுமக்கும் டயர் 40 பி.எஸ்.ஐ.யில் தரையில் பதிக்கும் தடம் ஏறத்தாழ 350 சதுர செ.மீ. 20-க்கு இறக்கினால் தடம் ஏறக்குறைய இரு மடங்கு. அகலத்தில் பெரிதாகக் கூடாது, நீளத்தில்தான் நீளும். உயரமான டயருக்கு மணலில் பேர் வந்தது அந்த நீளத்தால். கேரவனின் டயரிலும் காற்றை இறக்க மறந்துவிடாதீர்கள். வண்டி மிதக்க, பின்னால் வருவது நங்கூரம் போட்டு இழுக்கும். கெட்டித் தரை வந்ததும் திரும்பக் காற்றுப் பிடிக்கும் வரை வேகம் கூடாது.

●
2007-க்குப் பிந்தைய 70 வரிசை லேண்ட்குரூசரில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிடச் சுமார் 95 மி.மீ. நெருங்கி நிற்கின்றன. பெரிய இஞ்சினுக்காக முன்பக்கத்தை மட்டும் அகலப்படுத்தியதால் வந்தது. மணலில் முன் டயர் போட்ட தடத்தில் பின் டயர் விழாமல் தனக்கென்று புதுத்தடம் வெட்டிக்கொண்டு போகும். சுமையெல்லாம் பின்னால் இருக்கும் இழுவை வண்டிக்கு இது நிஜமான தொல்லை.

●
உள்நாட்டுப் பாலையில் 16 அங்குல ரிம்முக்கு இன்னும் மரியாதை போகவில்லை. காரணம் அழகு இல்லை. பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் ஓடுவது 70 வரிசை லேண்ட்குரூசர்; அதன் ரிம் 16. கிப் ரிவர் சாலை 660 கிலோமீட்டர், பேர்ட்ஸ்வில் தடம் 517, ஊட்னடட்டா தடம் அறுநூற்றுச் சொச்சம். கூர்க்கல் நிறைந்த இந்தப் பாதைகளில் டயர் கிழிந்தால் ஓரத்துக் கடையில் 16 அங்குலம் கிடைக்க வாய்ப்பு உண்டு. 20 அங்குல நகரத்து ரிம்மோடு நின்றால் லாரியில் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரிய ரிம் என்றால் குட்டைச் சுவர். கல்லில் மோதினால் ரிம்மே நசுங்கும்.

இதற்காக எல்லாரும் 16-க்கு இறங்கிவிடவும் முடியாது. புது வண்டிகளின் பிரேக் பெரிது. சிறிய ரிம் உள்ளே நுழையாது. பல வண்டிகளில் 17 அங்குலம்தான் கைக்கெட்டும் நல்ல சமரசம்.

●
வண்டிக்கும் கேரவனுக்கும் ஒரே வீல் இருந்தால் ஸ்டெப்னியைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். லேண்ட்குரூசர் 200-க்கு ஐந்து நட்டு, 150 மி.மீ. வட்டம். பிராடோ, ஹைலக்ஸ், ரேஞ்சர், பேட்ரோலுக்கு ஆறு நட்டு, 139.7 மி.மீ. லேண்ட்குரூசர் 300-உம் ஆறுக்கு மாறிவிட்டது. கேரவன் வாங்கும்போதே இதைக் கேட்டுச் செய்துகொள்கிறவர்கள் உண்டு. நட்டுத் துளை ஒத்தால் மட்டும் போதாது. வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்ற ஆஃப்செட்டும் ஒத்துவர வேண்டும். வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு மாட்டி, சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

●
3,500 கிலோ இரட்டை அச்சுக் கேரவனில் 350 கிலோ வண்டியின் மேல் போய்விட்டால் மிச்சம் 3,150. நான்கு டயருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 788 கிலோ. 100 குறியீட்டு டயரே தாங்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் குழியிலோ மேட்டிலோ ஓர் அச்சு தூக்கினால் அந்த நொடியில் மற்ற அச்சுதான் எல்லாம் சுமக்கும். 110-க்குக் குறையாமல் போடுங்கள்.

கேரவன் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வெயிலில் நின்று நின்று சாகிறது. பட்டன் புதுசு போல இருக்கும், சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்த டயர். பத்து வயதைத் தாண்டியது எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

●
நான்கு டயரும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி உள்ளுக்குள்ளே தன்னோடு தானே மல்லுக்கட்டும். 12 மி.மீ. பட்டனுள்ள புது ஸ்டெப்னிக்கும் 5 மி.மீ.க்குத் தேய்ந்த பழைய டயருக்கும் உயர வித்தியாசம் 14 மி.மீ. கெட்டித் தரையில் முன், பின் அச்சுகளைப் பூட்டி ஓட்டினால் இந்த வித்தியாசம் பற்சக்கரங்களில் முறுக்காக ஏறும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றி மாற்றுவது இதைத் தவிர்க்கும்.

●
புது அளவு இடிக்கிறதா என்று வெறும் வண்டியில் பார்ப்பது பாதிச் சோதனை. கேரவனை மாட்டியபின் பின்புறம் அமிழும். அப்போது பின் சக்கர வளைவுக்குள் எவ்வளவு இடம் மிச்சம்? முன்னால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கோடி வரை திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பின்பக்கத்தின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கூட்டில் புது டயர் நுழையுமா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

●
பிராடோவை வைத்திருந்து, 2,500 கிலோ கேரவனோடு தார்ச்சாலையும் கொஞ்சம் மண்சாலையும் போகிறவருக்கு என் பரிந்துரை: 265/65R17 அளவையே வைத்துக்கொண்டு, 112-க்குக் குறையாத ஏடி டயர். மண்சாலையே அதிகம் என்றால் LT265/70R17, அதற்குரிய கூடுதல் காற்றோடு. அச்சுத் திறனை ஏற்றிச் சான்றிதழ் வாங்கியவர்கள் குறியீட்டையும் ஏற்ற வேண்டும். பின் அச்சு 2,300 கிலோ என்று உயர்ந்தால் ஒரு டயருக்கு 1,150, குறைந்தபட்சம் 113. 285 பக்கம் போகவே வேண்டாம்.

●
புது வீல் மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, டார்க் ரென்ச்சால் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். வண்டியில் முடித்ததும் கேரவனிலும்.